கம்பெனி மாறின மாத்திரை

அந்தப் பையைத் தூக்கி மடியில வெச்சுக்கோங்க. தரை துடைக்கிற பொம்பளை வர்ற நேரம். பை இருக்கா, கால் இருக்கான்னு பார்க்காது, அது பாட்டுக்கு ஈரத் துணியை இழுத்துக்கிட்டுப் போகும். நேத்து என் செருப்பை அந்தக் கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. கேட்டா, "ஓரமா விட்டிருக்கணும்மா"ன்னு எனக்கே புத்தி சொல்லுது.

உள்ள ஸ்கேனுக்குப் போனவர் உங்க ஆளா? அண்ணனா? கண்ணு மஞ்சளா இருந்துச்சே, போகும்போதே பார்த்தேன். எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சிடும். அஞ்சு மாசமா மஞ்சளைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன். அரிப்பு இருக்கா? இருக்கும். வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா? வெட்கப்படாதீங்க, இந்த பெஞ்சில உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அதே கதைதான்.

டீச்சரா நீங்க? வாட்சை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கீங்களே, அதான் கேட்டேன். எனக்கு ஆறாங்கிளாஸ் எடுத்த டீச்சரும் அப்படித்தான் கட்டுவாங்க. அதுக்கு மேல நான் போகலை. தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேணும்னு நிறுத்திட்டாங்க. அப்ப அழுதேன். இப்ப இந்தப் படிச்சவங்க பண்ற கூத்தையெல்லாம் பார்க்கும்போது, அன்னிக்கு அழுததே வீண்னு தோணுது.

என் பேர் இந்திராணி. அருப்புக்கோட்டை. வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில டிரைவர். நாலாம் வார்டில, ஜன்னல் ஓரத்துக் கட்டில். நாளைக்குக் காலையில வயித்தை அறுக்கப் போறாங்க. இந்தா, இதில கையெழுத்துப் போடுன்னு இந்தக் காகிதத்தைக் குடுத்திருக்காங்க. போடலாம், போடலாம். அவங்க நீட்டினதும் போட்டுடணுமா? மகன் ஓசூர்ல இருந்து சாயங்காலம் வர்றான். அதுக்குள்ள கையெழுத்து வேணும்னு அந்த சிஸ்டர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடுச்சு. குதிக்குது.

என்ன நோயா? அதைக் கேட்டா நாலு டாக்டர் நாலு சொல்லுவாங்க. நான் சொல்றேன், கேளுங்க.

மார்கழிக் கடைசியில ஆரம்பிச்சது. முதல்ல பார்த்தது டெப்போ டைம்கீப்பர். "என்ன ராமசுப்பு அண்ணே, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு, ஹெட்லைட்டைக் கழட்டி உள்ள மாட்டிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கார். இவர் சிரிச்சுக்கிட்டே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். வீட்டுக்கு வந்து கதவு நிலையில முதுகை வெச்சு உரசுறார், எருமை மாதிரி. "ஏங்க, நிலை பெயர்ந்துடும்"னேன். "நீ வந்து சொறிஞ்சு விட்டா நிலை ஏன் பெயரப் போகுது"ங்கிறார். இதுக்கெல்லாம் குறைச்சல் இல்லை.

நான் மறுநாளே கீழாநெல்லியை ஆரம்பிச்சுட்டேன். இதை மட்டும் நல்லா மனசில வெச்சுக்கோங்க டீச்சர். எந்த டாக்டரும் தொடுறதுக்கு முன்னால ஆரம்பிச்சது நான். டெப்போவுக்குப் பின்னால வாய்க்கால் ஓரமா நிறையக் கிடக்கு. வேரோட பிடுங்கி, மண்ணு போக அலசி, அம்மியில அரைச்சு, மோரில கரைச்சு, வெறும் வயித்தில குடுப்பேன். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது. பத்தியம்னா அப்படி ஒரு பத்தியம். அவரும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிச்சார். பத்து நாள்ல இறங்கியிருக்கும். இறங்க விட்டாத்தானே? மகன் வந்தான். பாலன்னு பேரு. "அம்மா, இந்த இலை தழையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், கிளம்புங்க"ன்னு காரைக் கொண்டுவந்து நிறுத்திட்டான்.

முதல்ல போனது வேற ஆஸ்பத்திரி. இது இல்லை. அங்க ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில மாட்டி, பேனாவால குத்திக் குத்திக் காட்டினார். கணையம்னு ஒண்ணு இருக்காமே, அம்பது வயசு வரைக்கும் எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால மீன் மாதிரி படுத்திருக்குமாம். அதோட தலையில கட்டி. அது பித்தம் வர்ற குழாயை நெரிக்குது, பித்தம் வடிய வழியில்லாம ரத்தத்தில ஏறுது, அதான் மஞ்சள்னார். எல்லாம் சொல்லிட்டு, "பார்த்தா கேன்சர் மாதிரிதாம்மா தெரியுது. பெரிய ஆபரேஷன் பண்ணணும்"னார். கணையத்தில பாதி, குடல்ல கொஞ்சம், பித்தப்பை, எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி ஒட்டணுமாம். தையல்காரன் கூட பழைய சட்டையை அப்படி வெட்டிச் சேர்க்க யோசிப்பான்.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க, திருவிழா. ஊரில இருக்கிற சொந்தமெல்லாம் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து நிற்குது. சாகப் போறவனைப் பார்க்க வர்றவங்களுக்குன்னு ஒரு முகம் இருக்கு டீச்சர். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அதை மாட்டிக்குவாங்க. இவரோட பெரியப்பா மகன் ஒருத்தர், பதினெட்டு வருஷமா எங்க வாசல்படி மிதிக்காதவர், வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அழுது முடிச்சு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணன் யூனிபார்மோட எடுத்த நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?"ன்னு கேட்கிறார். இருக்கு, உங்களுக்கு எதுக்குன்னேன்.

அதில முதல் ஆள் ஜெகதா. இவரோட தங்கச்சி, என் நாத்தனார். சாத்தூர்ல குடுத்திருக்கு. வந்ததும் அண்ணன் காலடியில விழுந்து, "என் அண்ணனை விட மாட்டேன், விட மாட்டேன்"னு ஒரே கத்தல். ஏதோ நான் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்கிற மாதிரி. அவ மருமகன் மருந்து கம்பெனியில ரெப். அவர்கிட்ட போனில பேசி, "மதுரையில ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம் மதினி, இந்த மாதிரி கேஸை ரெண்டாந்தடவை பார்க்காம கத்தி வைக்க விட மாட்டாங்களாம்"னு சொல்லி, இங்க இழுத்துக்கிட்டு வந்தா.

அந்த லேடி டாக்டரைப் பார்த்திருப்பீங்களே. ஒல்லியா, காதில ஒரு பொட்டுத் தோடு, சத்தமே இல்லாம நடக்கும். சின்னப் பொண்ணு. பழைய ஸ்கேன் படத்தை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. அப்புறம் சம்பந்தமில்லாத கேள்வியாக் கேட்குது. கன்னத்துக்குக் கீழ வீங்குச்சா, வாய் வறண்டு போகுதா, முன்னால எப்பவாவது இப்படி இருந்துச்சா. வயித்தில நோய்னு வந்தா வாயைக் கேட்குது. ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினாங்க, வாய் வழியா குழாயை விட்டு ஊசியால சதை எடுத்தாங்க.

எல்லாம் வந்ததும் என்னையும் அவரையும் உட்கார வெச்சுச் சொல்லுச்சு: "இது கேன்சரா இல்லாம இருக்கலாம்மா. உடம்பைக் காவல் காக்கிற அணுக்கள், ஆள் தெரியாம சொந்தக் கணையத்தையே அடிக்குது. அடிபட்டு வீங்கியிருக்கு. பார்க்க அப்படியே கேன்சர் மாதிரி இருக்கும். ரொம்ப அபூர்வம். ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கேட்கும். ரெண்டு வாரத்தில மஞ்சள் இறங்கணும். மாத்திரை சாப்பிட்டும் இறங்கலைன்னா நான் நினைச்சது தப்பு. அப்ப ஆபரேஷன்தான்."

சொந்தக்காரனையே அடிக்குதாம். எங்க குடும்பத்தை ஒரு வாரம் பக்கத்தில இருந்து பார்த்துட்டுச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

காலையில சாப்பிட்டதும் நாலு மாத்திரை. ஒரு மாசம் கழிச்சு வாரத்துக்கு அரை மாத்திரை வீதம் குறைச்சுக்கிட்டே வரணும். கட்டம் போட்ட அட்டை ஒண்ணு குடுத்தாங்க, குடுக்கக் குடுக்க டிக் அடிக்கச் சொல்லி. பதினாலாம் நாள் இவர் கண்ணு வெள்ளையாயிடுச்சு. அந்த டாக்டர் பொண்ணு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, "சார், நீங்க பிழைச்சிட்டீங்க"ங்குது. மகன் போனில அழறான். ஜெகதா இந்த வாசல்லேயே சூடம் கொளுத்தப் போனா, வாட்ச்மேன் பிடுங்கிப் போட்டார். நல்லா வேணும்.

சரி, நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறவங்க, சொல்லுங்க. அந்தப் பதினாலு நாளும் விடியக்காலையில நான் கீழாநெல்லி குடுத்தேன். அதுக்கப்புறம் மாத்திரை குடுத்தேன். ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள போச்சு. அப்ப மஞ்சளை இறக்கினது மாத்திரைதான்னு அவங்களுக்கு யார் சொன்னது? வயிறு வந்து சொல்லுச்சா? நான் டாக்டர்கிட்ட கேட்கலை. கேட்டா சிரிப்பாங்க. டாக்டர் சிரிச்சா பரவாயில்லை, அந்த சிஸ்டருங்களும் சேர்ந்து சிரிக்கும்.

அதுக்குப் பிறகு அந்த மாத்திரை பண்ணின வேலையைக் கேளுங்க. பசி. பசின்னா உங்க வீட்டுப் பசி, எங்க வீட்டுப் பசி இல்லை. பதினோரு இட்லி. தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே வந்து நிற்பார். முகம் வட்டமா, பளபளன்னு, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச பானை மாதிரி ஆயிடுச்சு. தெருவில இருக்கிறதுங்க, "மாமா புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டார், அத்தைதான் கிழவியாயிட்டாங்க"ன்னு கேலி பண்ணுதுங்க. சுகர் ஏறிடுச்சு. கோபம் வேற. முப்பது வருஷமா குரலை உசத்தாத மனுஷன், சட்னியில உப்பு கம்மின்னு கரண்டியை வீசுறார். பாலனுக்குப் போன் பண்ணி, "ஏண்டா, இதைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"ன்னு கேட்டேன். அவன் ஜெகதாகிட்ட சொல்லியிருக்கான். அடுத்த நிமிஷம் அவ போன். "மதினி, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. பட்டுனு நிறுத்தினா ஆபத்தாம், எங்க மருமகன் சொன்னார்." அவ மருமகன் சொன்னாராம். பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் வாசல்ல நிற்கிறவர். அவர் சொன்னாராம்.

அதுக்காக நான் ஒண்ணும் பண்ணலை. பங்குனிக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் பண்ணலை.

அன்னிக்கு டெப்போ ஆளுங்க ஏழு பேர் இவரைப் பார்க்க வந்தாங்க. கறிச்சாப்பாடு. காலை நாலரையில இருந்து நான் ஒருத்தியா நின்னு ஆக்கினேன். ஜெகதாவும் வந்திருந்தா, பட்டுப்புடவையில. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கண்டக்டர் ஒருத்தர், "அண்ணே, பிழைச்சு வந்ததுக்கு யாருக்கு நன்றி சொல்லணும்?"னார். இவர் எலும்பைக் கடிச்சுக்கிட்டே, "எங்க ஜெகதாவுக்குத்தான். அவ இல்லைன்னா இந்நேரம் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாங்க. எனக்கு உயிர் குடுத்தவ"ன்னார். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா, கல்யாணப் பொண்ணு மாதிரி. சரி, அதோட விட்டிருக்கலாம். அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்துட்டு, "அண்ணி கவனிப்பும் இருந்திருக்குமே"ன்னார். அவர் நல்லதாத்தான் சொன்னார். இவர் சிரிக்கிறார். "இவளா? இவ வாய்க்கால் ஓரத்துப் புல்லையெல்லாம் பிடுங்கிட்டு வந்து அரைச்சு ஊத்திக்கிட்டு இருந்தா. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா எனக்குக் கொம்பு முளைச்சிருக்கும்"ங்கிறார்.

ஏழு பேரும் சிரிச்சாங்க. ஜெகதாவும் சிரிச்சா. நான் ரசம் ஊத்திக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் ஊத்திட்டுத்தான் உள்ள போனேன்.

மறுநாள் காலையில கீழாநெல்லியை மட்டும் குடுத்தேன்.

இல்லை இல்லை, அவர்கிட்ட சொல்லலை. சொன்னா விடுவாரா? இவர் தன் கையால ஒரு மாத்திரை எடுத்துப் போட்டதில்லை டீச்சர். தலைவலி மாத்திரை கூட நான்தான் எடுத்துக் குடுக்கணும். பேப்பரைப் பார்த்துக்கிட்டே உள்ளங்கையை நீட்டுவார், நான் வைப்பேன், வாயில போட்டுத் தண்ணி குடிப்பார். என் மூட்டுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில குடுத்த சத்து மாத்திரை கிடந்துச்சு. அதுவும் வெள்ளை. அதில மூணு எடுத்து வெச்சேன். அப்ப கணக்குப்படி மூணுக்குக் குறைஞ்சிருந்துச்சு. முதல் நாள் மட்டும், "என்ன, மாத்திரை பெருசா இருக்கு?"ன்னார். "கம்பெனி மாறியிருக்கு"ன்னேன். முழுங்கிட்டார்.

ஏமாத்துறதுன்னு சொல்லாதீங்க. நான் அட்டையில ஒரு குறையும் வைக்கலை. ரெண்டரைன்னு போட்டிருந்த வாரம் ரெண்டரை குடுத்தேன், கத்தியால சரிபாதியா வெட்டி. ரெண்டுன்னா ரெண்டு. தினம் டிக் அடிச்சேன். அந்தப் பழைய மாத்திரையைக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில புதைச்சிட்டேன். செடி பட்டுப்போகலை, அதையும் சொல்லிடுறேன்.

எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. நாப்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம். அது முடியிற அன்னிக்கு, அதே ஏழு பேரையும் கூப்பிட்டு, ஜெகதாவையும் அந்தப் பட்டுப்புடவையிலேயே கூப்பிட்டு உட்கார வெச்சு, "இத்தனை நாளா இவர் ஸ்டீராய்டு சாப்பிடலை. கண்ணைப் பாருங்க"ன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவ்வளவுதான். வேற என்ன கேட்டேன் நான்?

பத்து நாள் போனதும் இவருக்கு அசதி. லைட் டியூட்டி போட்டிருந்தாங்க, ஆபீஸில உட்கார்ந்து சீட்டுக் குடுக்கிற வேலை. அதுக்கே முடியலைன்னு வந்து படுத்துக்குவார். தலை சுத்துதுங்கிறார், வாந்தி வருதுங்கிறார். நான் பயப்படலை. இத்தனை நாள் ஏறின விஷம் இறங்க வேண்டாமா? பசியும் குறைஞ்சது, முகமும் வத்துச்சு. பழைய ஆளாயிட்டார்னு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்தேன்.

முப்பத்தி நாலாம் நாள் காலையில பேப்பரை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். வெயில் முகத்தில அடிக்குது. கண்ணு மஞ்சள்.

டெப்போ கேன்டீன்ல பரோட்டா தின்னிருக்கார் டீச்சர். அவரே ஒத்துக்கிட்டார், ரெண்டு தடவைன்னு. பத்தியத்தை முறிச்சா எந்த மருந்து நிற்கும்? அதைத் திட்டிக்கிட்டேதான் இங்க கூட்டிக்கிட்டு வந்தேன்.

முந்தாநாள் மறுபடி ஸ்கேன். வீக்கம் முன்னைவிடப் பெருசாம். அந்தச் சின்ன டாக்டரும், ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டரும் சேர்ந்து வந்தாங்க. அந்தப் பொண்ணு கட்டில் பக்கத்தில ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சார், யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரை ஒரு நாள் கூட விடாமச் சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. இவர் எந்திரிச்சு உட்கார்ந்து, "ஒரு வேளை தவறினதில்லை டாக்டர். எம் பொண்டாட்டி கையால எடுத்துக் குடுப்பா. மாத்திரை விஷயத்தில அவ மிலிட்டரி"ன்னார்.

அன்னிக்கு ஏழு பேர் முன்னால புல்லு பிடுங்குறவ. இன்னிக்கு டாக்டர் முன்னால மிலிட்டரி. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?

என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் அட்டையை எடுத்துக் குடுத்தேன். அது ஒவ்வொரு டிக்கா விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டே வந்துச்சு. கடைசி வரைக்கும் பார்த்துச்சு. முகம் செத்துப்போச்சு அதுக்கு. பெரியவர் இங்கிலீஷில என்னவோ சொன்னார். எனக்கு கேன்சர்ங்கிற வார்த்தை மட்டும் புரிஞ்சுது. அந்தப் பொண்ணு அட்டையை மடிச்சு ஃபைல்ல வெச்சிடுச்சு. பாருங்க படிப்பை. முதல்ல கேன்சர்னாங்க, அப்புறம் இல்லைன்னாங்க, இப்ப மறுபடி கேன்சர். இதுக்கு எங்க தெரு ஜோசியக்காரன் பரவாயில்லை, ஒரே பொய்யில நிற்பான்.

உங்க அண்ணனுக்கும் நான் சொல்ற மாதிரி கீழாநெல்லியை... என்ன, இந்தக் காகிதமா? நீங்க ஏன் அதையே பார்க்கிறீங்க? வாசிக்கணுமா? வாசிங்க. நான் கண்ணாடி கொண்டு வரலை, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சத்தமா வேண்டாம். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிங்க.

'நோயாளி ராமசுப்பு, வயது ஐம்பத்தாறு.' சரி. 'ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு வந்த நிலையிலும்...'

நில்லுங்க.

தவறாமல்னா போட்டிருக்கு? மறுபடி வாசிங்க. '...தவறாமல் உட்கொண்டு வந்த நிலையிலும் வீக்கமும் காமாலையும் திரும்பியுள்ளதால், புற்றுநோயாக இருக்கக்கூடும் எனக் கருதி, அறுவை சிகிச்சை செய்ய...'

யார் எழுதினது இதை? தவறாமல்னு இவங்களுக்கு யார் சொன்னது? சரி, அவர் சொன்னார். அட்டையும் இருக்கு. இருந்தா? மாத்திரை கேட்கலை, அதனால கேன்சர், அதனால வெட்டுறோம். அப்படித்தானே எழுதியிருக்கு? கேட்கிறதுக்கு மாத்திரை உள்ள போயிருக்கணும்ல. அது கறிவேப்பிலைச் செடிக்கு அடியில கிடக்கே டீச்சர்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க? நான் என்ன கத்தியா வெச்சிருக்கேன், உங்க டாக்டருங்கதானே வெச்சிருக்காங்க. கண்டுபிடிச்சிருக்க வேண்டாமா? அத்தனை மெஷின் இருக்கு, உள்ள போனது எதுன்னு பார்க்க ஒரு மெஷின் இல்லையா?

என்ன சொல்றீங்க? இப்ப சொன்னா வெட்ட மாட்டாங்களா? நிச்சயமா? தெரியாதுன்னா என்ன அர்த்தம்? 'டாக்டருங்க தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கட்டும்'ங்கிறீங்க. ஆமா, நீங்க சுலபமாச் சொல்லிடுவீங்க. பாலன் சாயங்காலம் வந்து நிற்பான், அவன் முகத்தைப் பார்க்கப் போறது நீங்களா? ஜெகதாவுக்குத் தெரிஞ்சா, அவ சாத்தூரில இருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் தண்டோரா போடுவா. 'உயிர் குடுத்தவ நான், எடுக்கப் பார்த்தவ மதினி'ம்பா. சாகிற வரைக்கும் சொல்லுவா. நான் செத்த பிறகும் வந்து சொல்லிட்டுத்தான் அழுவா. அதைவிட... அதைவிட இந்த ஆளுகிட்ட என்னன்னு சொல்றது? நேத்து ராத்திரி கட்டில்ல என்னை உட்கார வெச்சு, "நான் செத்தாலும் நீ குறை வெச்சேன்னு எவனும் சொல்ல முடியாது"ங்கிறார். அந்த ஆளுகிட்ட போய் எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

எந்திரிக்காதீங்க. நீங்க எதுக்குப் போறீங்க? உங்க அண்ணனைப் பாருங்க நீங்க. இது என் வீட்டு விஷயம். உட்காருங்க. நான் போறேன். போறேன்னு சொல்றேன்ல. கூட வர வேண்டாம். சரி, அந்தத் தூண் வரைக்கும் வாங்க. பேசக் கூடாது.

சிஸ்டர். ஏம்மா சிஸ்டர், இங்க பாருங்க. நாலாம் வார்டு ராமசுப்பு. கையெழுத்தா? போடலை. அந்தச் சின்ன டாக்டரம்மாவைப் பார்க்கணும். இல்லை, பெரியவர் வேண்டாம், அவங்கதான். என்ன விஷயம்னு சொன்னாத்தான் போன் பண்ணுவீங்களா? மாத்திரை விஷயம். ஒரு மாசமா அவர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடலை. ஆமா, ஸ்டீராய்டுதான். டிக்கெல்லாம் சும்மா அடிச்சது. அவர்... ஏமாத்தியிருக்கார்.

எழுதிக்கோங்க. எழுதிட்டீங்களா? என்ன? டாக்டர் அத்தனை தடவை கேட்டும் வாய் கூசாமப் பொய் சொன்னாரான்னா? இந்த ஆம்பிளைங்களே இப்படித்தானா? இந்தாங்க சிஸ்டர், பார்த்துப் பேசுங்க. அவர் பொய் சொல்ற ஆள் இல்லை. எங்க போறீங்க? வார்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்டாத்தான் புத்தி வருமா? யாருக்கு? படுத்துக் கிடக்கிற மனுஷனையா கேட்கப் போறீங்க? உட்காருங்க. கையைப் பிடிச்சு இழுக்கிறேன்னு நினைச்சுக்காதீங்க, உட்காருங்க சொல்றேன்.

அதை அடிங்க முதல்ல. அவர் சாப்பிடலைன்னு எழுதினதை அடிங்க. நான் பார்க்க அடிங்க. அவர் ஒரு வேளை தவறலை. என்ன குடுத்தாலும் வாங்கி முழுங்கினார். முப்பத்தி நாலு நாளா நான்தான் அந்த மாத்திரையைக் குடுக்கலை. வேற மாத்திரை குடுத்தேன். டிக் அடிச்சது நான். குடுக்கலைன்னு எழுதுங்க. இந்திராணின்னு எழுதுங்க. உறவா? பொண்டாட்டி. அதையும் எழுதுங்க.

எழுதியாச்சா? அப்ப போனைப் போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகலை, இங்கேதான் நிற்கிறேன்.